‘90’ என்று முத்திரை இருந்தால் 90 சதவீத வெள்ளி இல்லை

பழைய ஸ்பூன், முட்கரண்டி செட் வாங்கிச் சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் ஒருவர் “ஜெர்மனியில் செய்த கெட்டி வெள்ளி” என்று விற்ற 24 உருப்படி செட், வெறும் முலாம் பூசியது. இப்போது அதே வாசகத்தோடு இன்னொரு செட்டையும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.

பார்சல் வந்ததும் காம்பின் பின்பக்கம் பார்த்தேன். சின்ன வட்டத்துக்குள் 90. கேட்டதற்கு, “அதான் சார், 90 சதவீதம் வெள்ளி” என்கிறார். சுத்த அபத்தம். 12 ஸ்பூன், 12 முட்கரண்டிக்கு முலாம் பூச மொத்தம் 90 கிராம் வெள்ளி என்பதுதான் அந்தக் கணக்கு. ஒன்றுக்கு நாலு கிராம்கூடத் தேறாது. ஜெர்மனியில் 1888-க்குப் பிறகு செய்த அசல் வெள்ளி என்றால் பிறையும் கிரீடமும் இருக்கும், பக்கத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்று காட்டும் 800, 835, 925 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும்.

சரி, முலாமாவது நன்றாக இருக்கிறதே என்று வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். துணியெல்லாம் சாம்பல் நிறம். ஸ்பூன் குழிவின் அடிப்பக்கத்தில், மேஜையில் படுகிற இடத்தில், நகம் அளவுக்கு மஞ்சளாக இளிக்கிறது. முலாம் எப்போதுமே முதலில் தேய்வது அங்கேதான், அப்புறம் முட்கரண்டியின் பல் நுனி. தேய்ந்த இடத்தில் மட்டும் கையால் தேய்க்கிற வெள்ளித் திரவத்தைப் பூசி மறைத்திருக்கிறார். விளம்பரப் படங்களில் ஒரு ஸ்பூனைக்கூடக் கவிழ்த்து வைக்காததன் காரணம் இதுதான். வாங்கும் முன் கவிழ்த்து வைத்த படமும், முத்திரையைக் கிட்டத்தில் எடுத்த படமும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். மறுபடி முலாம் பூசக் கொடுத்தால், வாங்கிய விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பழைய பொருள், ரிட்டர்ன் கிடையாது” என்று ஒரு வரி. கூடவே, ஸ்பூனில் காந்தம் ஒட்டவில்லை என்று காட்டும் வீடியோ வேறு! உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதிலும்தான் காந்தம் ஒட்டாது.