தள்ளுபடி விலையில் எஸ்பிரஸோ மெஷினும் கிரைண்டரும்: வாங்கலாமா?

எஸ்பிரஸோ மெஷினும் காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டரும் சேர்ந்த ஒரு தொகுப்பின் விலை பண்டிகைத் தள்ளுபடியில் நன்றாக இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் சமையலறையில் அதே தொகுப்பு சில ஆண்டுகளாக அன்றாடம் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒற்றை பாய்லர், 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (காபித்தூளைப் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி), 15 பார் அழுத்தம் தரும் பம்ப் என்று விளம்பரத்திலேயே இருப்பவற்றைத் திரும்பச் சொல்லாமல், தினமும் புழங்கினால் மட்டுமே தெரியவருகிறவற்றை எழுதுகிறேன். இதே அமைப்பில் வேறு சில நிறுவனங்களும் விற்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

மெஷினைப் பற்றி எனக்குப் பெரிய குறை கிடையாது. விளக்கு எரிந்தவுடன் தயாராகிவிட்டதுபோல் தோன்றினாலும், போர்ட்டாஃபில்டர் மாட்டும் அந்தக் கனத்த உலோகத் தலை முழுவதும் சூடேறக் கால் மணி நேரமாவது ஆகிறது. காலையில் எழுந்தவுடன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15 பார் என்பது பம்பின் உச்ச அழுத்தம் மட்டுமே. நல்ல எஸ்பிரஸோவுக்கு வேண்டியது ஏறக்குறைய 9 பார். உள்ளே இருக்கும் வால்வின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். பாய்லர் ஒன்றே என்பதால் நீராவி எடுத்தபின் அது ஆறும்வரை அடுத்த காபியை இறக்க முடியாது. எல்லோருக்கும் உரிய காபியை முதலில் இறக்கிவிட்டுப் பாலைக் கடைசியில் நுரைக்க வைத்தால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. 58 மில்லிமீட்டர் என்பது காபிக் கடைகளில் பரவலாக உள்ள அளவாதலால் தூள் போடும் பாஸ்கெட், தூளை அமுக்கும் டேம்பர், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எல்லாம் எளிதில் கிடைக்கின்றன.

என் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருப்பது கூடவே வரும் கிரைண்டர்தான். அதன் அரவை அளவைக் கூட்டிக் குறைக்கும் வளையம் படிப்படியாக, ஒரு க்ளிக்கிலிருந்து அடுத்த க்ளிக்குக்குத்தான் நகரும். நடுவில் எங்கும் நிற்காது. எஸ்பிரஸோவுக்குப் பயன்படும் எல்லைக்குள் உண்மையில் இரண்டு படிகளே வருகின்றன. நமக்கு வேண்டிய அரவையோ பெரும்பாலான நாட்களில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இது ஏன் இவ்வளவு பெரிய குறை என்பதை நம் வீட்டு ஃபில்டரோடு ஒப்பிட்டால் விளங்கும். ஃபில்டரில் டிகாக்ஷன் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தூள் சற்றுக் கொரகொரப்பாக இருந்தாலும், சற்று நைஸாக இருந்தாலும், நேரம் கொஞ்சம் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். எஸ்பிரஸோவில் 9 பார் அழுத்தத்தில் பாயும் வெந்நீரைத் தடுத்து நிறுத்துவதற்கு அமுக்கி வைத்த தூளைத் தவிர வேறெதுவும் இல்லை. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடிகளுக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான தொடக்க அளவு. ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு அளவுக்கு அரவை மாறினாலே இந்த நேரம் தலைகீழாகிவிடும்.

எங்கள் கிரைண்டரில் ஆறாம் படியில் அரைத்தால் காபி வெளிறிய நிறத்தில், 17 அல்லது 18 விநாடிகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நாக்கில் புளிப்பு மட்டுமே நிற்கிறது. ஐந்தாம் படிக்கு மாற்றினால் முதல் சொட்டு விழவே பத்து விநாடிக்கு மேல் ஆகிறது, பம்ப் திணறும் சத்தம் கேட்கிறது, முக்கால் நிமிடம் கழித்துக் கோப்பையில் கருப்பாகக் கொஞ்சம் கசப்பு தேங்கியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு நல்ல காபி இருக்கிறது என்பது தெரிந்தும் அதை எட்ட இந்த வளையம் விடுவதில்லை.

இதைச் சரிக்கட்டப் பலரும் சொல்லும் வழி, ஆறாம் படியிலேயே வைத்துக்கொண்டு தூளின் எடையைக் கூட்டுவது. ஓரளவு பலன் தருகிறது. ஆனால் 19 கிராமைத் தாண்டினால் ஊறி உப்பிய தூள் மேலிருக்கும் சல்லடையைத் தொட்டுவிடுகிறது; கழற்றிப் பார்த்தால் தூள்கட்டியின் மேல் சல்லடைத் திருகின் தடம் அப்படியே பதிந்திருக்கும், தண்ணீரும் ஒரு பக்கமாகப் பாய்ந்திருக்கும். பர் எனப்படும் அரைக்கும் சக்கரத்தின் அடியில் மெல்லிய வாஷர் வைக்கச் சொல்கிறார்கள். வாஷரால் மொத்த எல்லையும் நைஸ் பக்கம் நகருமே தவிர, படிக்கும் படிக்கும் உள்ள இடைவெளி ஒரு மயிரிழைகூடக் குறையாது.

ஒருநாள் தற்செயலாகச் சரியான இடம் அமைந்துவிட்டாலும் அது நிலைப்பதில்லை, ஏனென்றால் காபிக்கொட்டை நாளுக்கு நாள் மாறுகிறது. வறுத்தபின் அதனுள் தங்கியிருக்கும் கரியமில வாயு மெல்ல வெளியேற வெளியேற, அதே அரவையில் காபி வேகமாக இறங்கத் தொடங்கும். சிக்மகளூரிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ வரும் நல்ல அராபிகா கொட்டையை வறுத்த தேதி பார்த்து வாங்கி, ஒரு வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் அரவையைச் சிறிது சிறிதாக நைஸாக்கிக்கொண்டே போக வேண்டும். சிறிது சிறிதாக என்பதுதான் இந்தக் கருவியால் இயலாத காரியம். படியை மாற்றும்போது குழாயில் தங்கிவிட்ட பழைய தூளும் புதியதோடு கலந்து வருவதால், முதல் சில கிராம்களை வீணாக்காமல் மாற்றத்தின் உண்மையான விளைவைப் பார்க்க முடியாது. நல்ல கொட்டை இன்று விற்கும் விலையில் அதைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வருவதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒருநாளும் படுத்ததில்லை. பர் இன்னும் கூராகவே இருக்கிறது. அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட்டுக்கும் ஃபில்டருக்கும் இது அரைத்துத் தரும் தூளைக் குறைசொல்ல முடியாது. காபியில் பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிற வீட்டில், மெஷினுடன் தரும் இரட்டைச் சுவர் பாஸ்கெட்டைப் போட்டால், அரவை எப்படி இருந்தாலும் ஒரே சிறு துளை வழியாக அழுத்தத்தில் வெளியேறும் காபி மேலே நுரையோடு நிற்கும். நான் சொல்லும் எதுவும் அங்கே தொந்தரவாகத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் இந்தத் தொகுப்பில் நிறைவாகவே இருப்பார்கள்.

ஆனால் சேவை மையத்தில் எனக்குக் கிடைத்த பதிலை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. படிகளுக்கு இடையிலான இடைவெளி வடிவமைப்பின்படியே இருப்பதாகவும், ஆகவே அது பழுது ஆகாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். எஸ்பிரஸோவுக்கானது என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் ஒரு கிரைண்டர் எஸ்பிரஸோவுக்கு வேண்டிய இடத்தில் நிற்காது என்றால், அந்த வடிவமைப்பையே பழுது என்றுதான் சொல்ல வேண்டும்.

மெஷினில் ஒரே ஒருமுறை பழுது பார்க்க வேண்டியிருந்தது. தென்சென்னைப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் உப்பு படிந்து, அழுத்தத்தை வெளியேற்றும் சோலனாய்டு வால்வு அடைத்துக்கொண்டது. கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவியவுடன் சரியாகிவிட்டது. கடின நீர் வரும் வீடுகளில் இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றினால் உப்புப் படியாது, ஆனால் காபி சப்பென்று ஆகிவிடுகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தால் காபிக்கு நல்லது என்பதால், குடிநீர் கேன் தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறேன். சிக்கரி கலந்த தூளை இந்த மெஷினுக்குப் பயன்படுத்தவே கூடாது. அது ஊறிப் பிசுபிசுத்துப் பாஸ்கெட்டை அடைத்துவிடும்.

ஆக, மெஷின் நன்று, கிரைண்டரும் பல வீடுகளுக்குப் போதும், விலையும் குறைந்திருக்கிறது என்று பட்டியலிட்டால் வாங்கச் சொல்ல வேண்டும்தான். இருந்தும் வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் பால் சேர்க்காமல் குடிப்பவர், ருசியில் சிறு வேறுபாட்டையும் கவனிப்பவர்; இந்த வளையத்தோடு தினமும் காலையில் மல்லுக்கட்டும் நிலைமை அவருக்கு வர வேண்டாம். மெஷினைத் தனியாகத் தருவார்களா என்று கடையில் கேட்கச் சொன்னேன். தந்தால், மீதிப் பணத்தில் படிகளே இல்லாமல் நகரும் மின்சாரக் கிரைண்டர் ஒன்றையோ, கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் ஒன்றையோ வாங்கலாம். கையால் சுற்றுவதிலும் க்ளிக்கின் அளவைப் பார்த்தாக வேண்டும்: பெயர்பெற்ற கமாண்டான்டே சி40 ஒரு க்ளிக்குக்கு ஏறக்குறைய 30 மைக்ரான் (0.03 மில்லிமீட்டர்) நகர்கிறது, ரெட் க்ளிக்ஸ் என்ற அச்சைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் அது பாதியாகிறது, எஸ்பிரஸோவுக்கு அந்தப் பாதிதான் வேண்டும். 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம் போலக் கை வலிக்கச் சுற்ற வேண்டியிருக்கும். அதற்கு அவர் தயார் என்கிறார். மெஷினைத் தனியாகத் தர மறுத்தால் அடுத்த தள்ளுபடிவரை பொறுத்திருக்கச் சொல்லிவிட்டேன்.