மாசிப் பனிக்குக் கையில்லாத விண்ட்சீட்டர்: ஈசிஆரில் ஜோடியாகச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியில் விடிவதற்கு முன் சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் தெற்கே கிளம்பினால், கொட்டிவாக்கம் தாண்டுவதற்குள் நெஞ்சில் குளிர் ஏறிவிடும். வெப்பநிலை 21 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ஈர ஜெர்சியில் மோதும்போது வியர்வை ஆவியாகி உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சென்னைக் குளிர் பெரும்பாலும் இந்த ஈரமும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. அதனால் நமக்குக் கனத்த துணி வேண்டாம். முன்பக்கம் காற்றை நிறுத்தி, பின்பக்கம் வியர்வையை வெளியே விடுகிற உடுப்பு போதும்.

கையில்லாத விண்ட்சீட்டர் அதைத்தான் செய்கிறது. முன்னால் நெருக்கமாக நெய்த மெல்லிய பாலியெஸ்டர் அல்லது நைலான், முதுகில் வலைத்துணி, கழுத்து வரை ஜிப். மடித்தால் ஜெர்சியின் பின்பாக்கெட்டில் அடங்கிவிடும். முழுக்கை விண்ட்சீட்டரை இங்கே பரிந்துரைக்க முடியாது. காற்றின் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் ஊரில் அக்குளும் முழங்கை மடிப்பும் முதலில் நனையும். நனைந்த கை உள்ளே ஒட்டிக்கொண்டு நீலாங்கரை வருவதற்குள் கழற்றச் சொல்லும். கைக்குக் குளிர்ந்தால் வெயிலுக்குப் போடும் ஆர்ம் ஸ்லீவே போதும். மழைக்கோட்டைப் போட்டு ஓட்டுவது எல்லாவற்றையும் விட மோசம். வெளியிலிருந்து ஒரு துளி வராது, உள்ளே தொப்பலாகிவிடும்.

இருவராகப் போகும்போது இந்த உடுப்பின் பயன் மாறுகிறது. முன்னால் போகிறவர்தான் காற்றை முழுக்க வாங்குகிறார். ஒரு சக்கர நீளம் விட்டுப் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும், காற்றும் குறையும். எனவே முன்னவர் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிக்கொள்ள வேண்டும், பின்னவர் மார்பு வரை இறக்கிவிட வேண்டும். இடம் மாற்றும்போதெல்லாம் ஜிப்பையும் மாற்ற வேண்டும். பின்னால் வருகிறவர் முழுக்க மூடிக்கொண்டு வந்தால் உள்ளே வியர்த்து, அவர் முன்னால் போகும் முறை வந்ததும் நடுங்குவார். ஒற்றைக் கையால் ஏற்றி இறக்கக்கூடிய, கையுறையோடு பிடிக்கக்கூடிய நீளமான ஜிப் முனை இதற்காகவே முக்கியம். முழுதாகக் கழற்றுவதை ஓடும் சைக்கிளில் செய்யக் கூடாது. நழுவிய துணி பின்சக்கரத்தில் சுற்றினால் இருவரும் விழுவார்கள்.

விடியற்காலையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும். தெற்கே போகும்போது அது வலப்பக்கமிருந்து வரும். காற்றுக்கு மறைவு தேடினால் துணைவர் இடப்பக்கம் ஒதுங்கி வர வேண்டும். அந்த ஓரத்தில்தான் மணல் கிடக்கும். மெல்லிய டயர் சறுக்கும். நேர்ப் பின்னாலேயே வருவது நல்லது, பக்கக் காற்றை விண்ட்சீட்டர் பார்த்துக்கொள்ளும். முட்டுக்காடு பாலத்தில் இருபுறமும் திறந்த தண்ணீர். தொளதொள என்று இருக்கும் உடுப்பு அங்கே பாய்மரம் போல உப்பி ஹேண்டிலை இழுக்கும். அளவு ஏன் முக்கியம் என்பது அந்தப் பாலத்தில் தெரிந்துவிடும்.

கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். இடுப்பை மடக்கி, ஹேண்டிலைப் பிடிப்பது போலக் கையை நீட்டிப் பாருங்கள். மார்பில் இரண்டு விரல் இடைவெளி போதும். முதுகுப் பக்கம் இடுப்புக்குக் கீழே வர வேண்டும், அடிவிளிம்பில் எலாஸ்டிக் இறுக்கமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் இல்லாத நீள விளிம்பு தொங்கி, சீட் கம்பியில் மாட்டிய பின்விளக்கை மறைத்துவிடும். இது போட்டிருப்பவருக்குத் தெரியாது, பின்னால் வரும் துணைவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். துணி காற்றைத் தடுக்கிறதா என்று அறிய, முன்பக்கத்தை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு பட்டால் அது வெறும் அலங்காரம். ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டை இல்லையென்றால் பல்லிடுக்கு வழியாகக் காற்று நேராகத் தொண்டைக்கு வரும்.

நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். ஒளி பிரதிபலிக்கும் பட்டை வண்டி வெளிச்சம் பட்டால்தான் மின்னும், அதை நம்பிப் பின்விளக்கைத் தவிர்க்க முடியாது. ஜோடியாகப் போகும்போது பின்விளக்கைச் சிமிட்டாமல் நிலையாக எரிய விட்டு, சற்றுத் தரை நோக்கிச் சாய்த்து வையுங்கள். சிமிட்டினால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும். தூரமும் பிடிபடாது.

இந்த உடுப்பில் முதலில் கெடுவது ஜிப். வியர்வை உப்பும் கடற்காற்றும் சேர்ந்து உலோக ஓடியை, அதாவது ஏற்றி இறக்கும் பகுதியை, அரித்து இறுக்கிவிடும். பல்லும் ஓடியும் பிளாஸ்டிக்காக இருப்பதைத் தேடுங்கள். இறுகத் தொடங்கினால் மெழுகுவர்த்தியைப் பல் மேல் தேய்த்து நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் இளகும். அடுத்து போவது மேலே உள்ள நீர் ஒட்டாப் பூச்சு. பனித்துளி முத்தாக உருளாமல் துணியில் ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது அல்லது சோப்பு படிந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் குறைவான சோப்பு போட்டு நன்றாக அலசி, நிழலில் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. அது இழையில் படிந்து தண்ணீரை உள்ளே இழுக்கும்.

விலையைப் பொறுத்தவரை, 1,500 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் அளவுக்குச் சென்னையில் இதற்கு வேலை இல்லை. மார்கழி முதல் மாசி வரைதான் பயன்படும், அதிலும் வெயில் ஏறும் வரைதான். மெரினா வரை போய்த் திரும்புகிறவர்கள் வாங்கத் தேவையில்லை. கோவளம், மாமல்லபுரம் என்று இருட்டில் கிளம்புகிறவர்கள் வாங்கலாம். கோவளத்தில் டீ குடிக்க நிற்கும்போதுதான் பலருக்கும் சளி பிடிக்கிற மாதிரி உடம்பு சில்லிடும். மிதிப்பது நின்றதும் சூடு குறைகிறது, வியர்வை மட்டும் காய்ந்துகொண்டே இருக்கிறது. அப்போது பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கழுத்து வரை மூடிக்கொள்ளுங்கள். பங்குனியில் துவைத்து எடுத்து வைக்கும்போது உருட்டிப் பைக்குள் திணிக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் மடிந்து கிடந்தால் மடிப்புக்கோட்டில் பூச்சு கெடலாம்.