மாத வாடகை அலுவலகம்: அட்வான்ஸ் கட்டும் முன் படியுங்கள்

சின்னதாகத் தொழில் நடத்துபவர்கள், பல நிறுவனங்கள் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் கோவொர்க்கிங் இடத்தில் மேசையோ கேபினோ எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் கணக்கு எழுதும் நிறுவனம். எங்களுக்கு அட்வான்ஸும் போனது, அலுவலக முகவரியும் போனது. விவகாரம் வக்கீலிடம் இருப்பதால் இடம் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை.

முதலில் பில்லைப் பற்றி. ஒரு இருக்கைக்கு இவ்வளவு, எல்லாம் அதிலேயே அடக்கம் என்றுதான் பேசினார்கள். பில்லில் பார்த்தால் பராமரிப்பு தனி, கதவைத் திறக்கும் அட்டைக்குத் தனி, மாலை ஏழு மணிக்கு மேல் ஏசி ஓடினால் மணிக்கு இவ்வளவு என்று தனி. மாதக் கடைசியில் ராத்திரி வரை உட்காரும் தொழில் எங்களுடையது, கேட்கவா வேண்டும்! மீட்டிங் ரூமில் அரை மணி பேசினாலும் மாதத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு மணியாகக் கழிப்பார்கள். மிச்சமிருக்கும் மணிநேரம் அடுத்த மாதத்துக்கு வராது. எரிச்சல்தான், ஆனால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நிறைய இடங்களில் இப்படித்தான் ஓடுகிறது.

காலி செய்யும் பேச்சு வந்தபோதுதான் சுயரூபம் தெரிந்தது. இரண்டு மாத நோட்டீஸை மின்னஞ்சலில் கொடுத்தோம். பதிலே இல்லை. கெடு தாண்டிய பிறகு, ‘நோட்டீஸ் எங்கள் ஆப் வழியாக வந்தால்தான் செல்லும், உங்கள் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி வந்தது. புதுப்பித்த காலத்துக்கு வாடகையும் கூடுதல். அந்த ஆப்பில் நோட்டீஸ் கொடுக்கும் பொத்தானை எங்களில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு காலையில் போனால் அட்டையைக் காட்டியும் கதவில் சிவப்பு விளக்கு. கண்ணாடியில் கட்டட உரிமையாளரின் அறிவிப்பு ஒட்டியிருந்தது: வாடகை பாக்கிக்காக இந்தத் தளம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. உரிமையாளரின் ஆளிடம் எங்கள் ஒப்பந்தத்தை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இது அவங்களுக்கும் உங்களுக்கும் சார், எங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல” என்றார். சட்டப்படி அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று வக்கீல் பிற்பாடு சொன்னார்.

இந்தத் தொழில் நடப்பது இப்படி. நடத்துபவர் ஒரு முழுத் தளத்தை ஐந்து, பத்து வருடக் குத்தகைக்கு எடுப்பார். தடுப்பு, மேசை, இணையம் எல்லாம் போட்டு, துண்டு துண்டாக மாதக் கணக்கில் விடுவார். அவருக்கு வரவு மாதத்துக்கு மாதம் மாறும். கொடுக்க வேண்டியதோ வருடக் கணக்கில் நிலையாக நிற்கும். இருக்கைகள் காலியானால் முதலில் நின்றுபோவது உரிமையாளருக்குப் போகும் வாடகை. பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்பு போடப்பட்ட வீவொர்க் என்ற கோவொர்க்கிங் நிறுவனம் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், பல கட்டடக் குத்தகைகளைக் கைவிட்டது. இதே தொழிலில் இருக்கும் ரீஜஸின் அமெரிக்கப் பிரிவு 2003லேயே அந்த வாசலை மிதித்தது. அவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. தொழிலின் அமைப்பே அப்படி.

நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் குத்தகை அல்ல, வெறும் உபயோக அனுமதி. ‘இதனால் வாடகைதாரர் உரிமை எதுவும் உண்டாகாது’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அட்வான்ஸைத் தனிக் கணக்கில் வைக்காமல் அன்றாடச் செலவில் கலந்துவிட்டிருந்தால், திவாலின்போது ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஈடு வைத்திருக்கும் வங்கி நமக்கு முன்னால் நிற்கும்.

என்னால் பொறுக்க முடியாதது இன்னொன்று. கதவு பூட்டப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ‘ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி’ என்று எல்லாக் கேபினுக்கும் தகவல் அனுப்பினார்கள். உரிமையாளரின் நோட்டீஸ் அதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்விட்டது. அறிவிப்பிலேயே தேதி இருந்தது. பக்கத்துக் கேபினில் இரண்டு பேராக டிசைன் வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகள் நம்பிக் கட்டிவிட்டார்கள். தெரிந்தே வாங்கியதை வேறு என்னவென்று சொல்வது?

ஆகவே திடீர்த் தள்ளுபடி வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். சேரும்போதே, இடம் நடத்துபவர் கட்டட உரிமையாளருடன் போட்ட மூலக் குத்தகையில் இரண்டு விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள்: எப்போது முடிகிறது, உள்வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா. இப்போது நாங்கள் இருக்கும் இடத்தில் வாடகைத் தொகையைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு அந்தப் பக்கங்களைக் கொடுத்தார்கள். அது போதும். காட்ட மறுப்பவரிடம் ஒரு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இடம் நடத்துபவர் போய்விட்டால் பொருட்களை எடுக்க அவகாசம் உண்டு என்று உரிமையாளரிடமிருந்து எழுத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு அது இல்லாததால், வாடிக்கையாளர் கோப்புகள் இருந்த ஒவ்வொரு பெட்டியையும் காவலாளி திறந்து பார்த்துப் பட்டியல் எழுதின பிறகே வெளியே விட்டார்கள்.

நிறுவனத்தைப் பதிவு செய்த முகவரியாக அந்த இடத்தைக் கொடுத்திருந்தால் வேலை இன்னும் இழுக்கும். வங்கி, வரி அலுவலகம், வாடிக்கையாளர் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அதற்குள் வரும் தபால் எல்லாம் திரும்பிப் போகும்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் அட்வான்ஸ் ரசீது, வங்கிக் கணக்கு நகல், தள்ளுபடித் தகவல் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். இடம் நடத்தியவர் முறைப்படி திவால் ஆனால், பாக்கியைக் கோர ஒரு கடைசித் தேதி அறிவிப்பார்கள். அதற்குள் எழுத்தில் கோரிக்கை போய்ச் சேர வேண்டும்.