டோடோ சரி, கிளிகள்தான் போச்சு

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸின் பறவைப் படங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி மறுபதிப்பாக விற்கிறார்கள் என்று பார்த்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தாள் நல்ல கனம், சுருளாமல் வந்தது, அதில் குறையே இல்லை. பிரச்சினை நிறத்தில்தான். எட்வர்ட்ஸ் லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டே 1743 முதல் 1751 வரை நான்கு தொகுதிகளாகப் பறவை நூல் கொண்டுவந்தவர், செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து வரையும் வித்தையை இன்னொரு இயற்கை ஓவியரான மார்க் கேட்ஸ்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் தகடுகளைத் தானே செதுக்கினார். தகட்டிலிருந்து வருவது கறுப்புக் கோடு மட்டும்தான், வண்ணமெல்லாம் அச்சான பிறகு தாள் தாளாகக் கையால் பூசியது. அதனால் ஒரு பிரதியின் பச்சை இன்னொன்றில் இருக்காது, இறகின் ஓரத்தில் தூரிகை தடுமாறியதுகூடத் தெரியும். இந்த மறுபதிப்பில் யாரோ கணினியில் எல்லாவற்றையும் 'சரி' செய்துவிட்டார்கள். கிளிகள் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி பளபளக்கின்றன. பழுப்பேறிய தாளையும் வெளுத்து, சுற்றிலும் வெட்டியதில் படத்தின் அடியில் அவர் போட்ட பெயரும் தேதியும் காணாமல் போயின. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் பல பறவைகளுக்குப் பெயர் வைத்ததே எட்வர்ட்ஸின் படங்களைப் பார்த்துத்தான், அப்படிப்பட்ட படத்தில் போய் நிறத்தை மாற்றுவதா?

ஆனால் டோடோ தாளுக்காக மட்டும் பாதிக் கோபத்தை விட்டுவிடுகிறேன். எட்வர்ட்ஸ் காலத்தில் டோடோ என்ற அந்தப் பறக்காத பெரிய பறவை அழிந்தே போயிருந்தது. மருத்துவரும் அரும்பொருள் சேகரிப்பாளருமான ஹான்ஸ் ஸ்லோனிடமிருந்து தனக்குக் கிடைத்த ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்துதான் வரைந்தார், அந்த ஓவியத்தை 1759-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். தன் படத்தில் டோடோவின் காலடியில் ஒரு கினிப்பன்றியையும் உட்கார வைத்திருக்கிறார், பறவை எவ்வளவு பெரிது என்று காட்ட. மங்கலான பழுப்பும் சாம்பலுமாக இருப்பதால் கணினிக்காரர் கைவரிசை இதில் அவ்வளவாகப் பலிக்கவில்லை, கோடுகளும் கூர்மையாக வந்திருக்கின்றன.

வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத் தளத்தில் மூல நூல்களின் ஸ்கேனை ஒருமுறை பாருங்கள், இலவசம்தான். அப்புறம் விற்பவரிடம் ஓரம் வெட்டாத பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. டோடோ படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று, மற்ற பதினொன்றும் உறைக்குள்ளேயே கிடக்கின்றன.