கம்பமா, கேபிளா? வேளச்சேரியிலிருந்து ஓர் அலசல்

ஒவ்வொரு புயலுக்கும் பிறகு சென்னையில் இதே பேச்சுதான்: "எல்லா வயரையும் பூமிக்கடியில் போட்டுவிட்டால் தொல்லை விட்டது." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து போனதிலிருந்து அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்தடுத்த இரண்டு டிசம்பர்களில் இந்த ஊர் இரண்டு விதமாக அடிவாங்கியது. 2015-இல் வெள்ளம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா.

வர்தாவின் ஆயுதம் காற்று. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. மரம் வேரோடு சாய்ந்து கம்பியில் விழும், கம்பி அடுத்த கம்பத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கேபிள் புதைத்திருந்த நகரின் மையப் பகுதிகளுக்கு மின்சாரம் சீக்கிரம் திரும்பியது. கம்பங்களை நம்பியிருந்த புறநகர்ப் பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2018-இல் கஜா டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்ததையும் சேர்த்துப் பாருங்கள். காற்றுக்கு எதிராக என் ஓட்டு கேபிளுக்குத்தான்.

தண்ணீர் விஷயம் அப்படி இல்லை. சரியாகப் புதைத்த கேபிள் ஈரத்தைத் தாங்கும். ஆனால் அது எங்காவது தரைக்கு மேலே வந்துதானே ஆக வேண்டும்? அந்த இடம் தெருமுனை பில்லர் பாக்ஸ், அதாவது கேபிளிலிருந்து வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. எங்கள் தெருவில் இருப்பது முழங்கால் உயரத் திண்டில் நிற்கிறது. மிக்ஜாமில் தண்ணீர் நின்ற மட்டம் அதன் கதவில் பழுப்புக் கோடாக இன்னும் தெரிகிறது, பூட்டுக்கு ஒரு சாண் மேலே. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் சப்ளையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை, நிறுத்தத்தான் வேண்டும். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, மழைக்காலத்தில் என் மகளை அந்தப் பெட்டிப் பக்கம் நான் நடக்க விட்டதில்லை.

பழுது பார்ப்பதிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கம்பி அறுந்தால் லைன்மேன் நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். வெளி மாவட்டத்திலிருந்து ஆட்களை வரவழைத்துக் கம்பம் நட்டுவிடலாம். கேபிளில் பழுது என்றால் முதலில் கருவி வைத்து இடத்தைத் தேட வேண்டும், அப்புறம் தோண்ட வேண்டும், அப்புறம் ஜாயின்ட் போடத் தெரிந்தவர் வர வேண்டும். குழியில் தண்ணீர் நின்றால் இது எதுவுமே நடக்காது. குடிநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டும்போது கேபிள் வெட்டுப்படுவதும் உண்டு. செலவும் கம்பத்தைப் போலப் பல மடங்கு.

சரி, எது மேல் என்று எதை வைத்து அளப்பது? ஒரு நுகர்வோருக்கு ஆண்டில் சராசரியாக எவ்வளவு நேரம் மின்சாரம் தடைபட்டது என்பதுதான் உலகெங்கும் வழக்கத்தில் உள்ள கணக்கு. சைடி (SAIDI) என்பார்கள். அதைக் கணக்கிட ஐஇஇஇ (IEEE) என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு வகுத்த 1366 தர முறையில், பெரும் புயல் போன்ற நாள்களைத் தனியே பிரித்துவைக்கலாம். சாதாரண நாள்களின் பராமரிப்பை எடைபோட அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நாம் கேட்பதே அந்தப் புயல் நாளைப் பற்றி! பிரித்துவைத்த பிறகு கிடைக்கும் சராசரியைக் கொண்டு கம்பத்தையும் கேபிளையும் ஒப்பிட்டால், தேர்வுத்தாளின் கடினமான கேள்வியை அடித்துவிட்டு மதிப்பெண் போட்ட மாதிரிதான். தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு தெருவுக்கும் மின்சாரம் திரும்ப எத்தனை மணி நேரம் ஆனது என்பதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், மரங்கள் அடர்ந்த, தண்ணீர் தேங்காத தெருக்களுக்கு முதலில் கேபிள் போடட்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரித் தாழ்வான இடங்களில் கிலோமீட்டர் கணக்காகப் புதைக்கும் முன்னால், இருக்கிற பெட்டிகளையும் டிரான்ஸ்ஃபார்மர் மேடைகளையும் உயர்த்த வேண்டும். கூடவே ரிங் மெயின் யூனிட் என்ற சுவிட்ச் பெட்டிகளை வைத்தால், ஒரு பகுதி மூழ்கினாலும் அதை மட்டும் துண்டித்துவிட்டு மற்ற தெருக்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். அந்த யூனிட்டும் மேடான இடத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது என்று பெரிய ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருப் பெட்டியின் கதவிலேயே மட்டம் இருக்கிறது. அடுத்த முறை பெயின்ட் அடிக்க வருபவர்கள் அதை மறைப்பதற்குள் யாராவது டேப் வைத்து அளந்துகொள்ளட்டும்.