டேட்டாபேஸ் பட்டியல் டூல்: நெடுநாள் பாவனைக்குப் பிறகு

புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏஐ ஏஜென்டுக்கு டேட்டாபேஸ் லிஸ்ட் எடுத்துக் கொடுக்கிற அந்த டூலை நம்பிப் போடலாமோ?" ஏஜென்டுக்கு இப்படியான டூல்களைக் கொடுக்கும் பொது முறைதான் எம்சிபி; அந்தச் சேர்வரை இணைக்கிற விதமெல்லாம் அவருக்குத் தெரிந்ததே. நேரே எரிச்சலுக்கு வருகிறேன்.

டூலின் விளக்கத்தில் "டேட்டாபேஸ்களைப் பட்டியலிடும்" என்று ஒரே ஒரு வரி. அதைத்தான் பெயரே சொல்லிவிட்டதே! ரீட்மீ கோப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஏஜென்டுக்கு அது போய்ச் சேராது. அதன் கைக்கு வருவது டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன விவரம் கொடுத்து அழைப்பது என்ற வடிவம்), சில குறிப்புகள், அவ்வளவுதான்.

டூல் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களோடும் வேலை செய்கிறது. மைஎஸ்கியூஎல்லில் ஷோ டேட்டாபேசஸ் என்று கேட்டால், சாதாரண யூசருக்குத் தனக்கு ஏதாவது உரிமை உள்ளவை மட்டுமே தெரியும். போஸ்ட்கிரஸில் பிஜி_டேட்டாபேஸ் அட்டவணையை யாரும் வாசிக்கலாம். உள்ளே போக அனுமதி இல்லாதவற்றின் பெயரும் வந்துவிடும். டூல் இரண்டுக்கும் அதே ஒற்றை வரியை வைத்திருக்கிறது. ஆகவே மைஎஸ்கியூஎல்லில் சம்பள டேட்டாபேஸ் கண்ணில் படாவிட்டால், "அப்படி ஒன்று இல்லை, உருவாக்கித் தரவா?" என்கிறது ஏஜென்ட். போஸ்ட்கிரஸிலோ, புதிய டேட்டாபேஸ்களுக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்0 என்ற பெயரைக் கண்டு உள்ளே நுழையப் பார்த்து, அது கனெக்ஷனே ஏற்காத டேட்டாபேஸ் என்று தெரியாமல் மறுபடி மறுபடி முட்டுகிறது.

அளவையும் சேர்த்துக் கேட்டால் இன்னொரு கூத்து. பிஜி_டேட்டாபேஸ்_சைஸ் ஃபங்ஷனுக்கு அந்தந்த டேட்டாபேஸில் கனெக்ட் உரிமை வேண்டும், அல்லது பிஜி_ரீட்_ஆல்_ஸ்டாட்ஸ் என்ற ரோல் (உரிமைத் தொகுப்பு) வேண்டும். கனெக்ட் உரிமை இயல்பாகவே எல்லாருக்கும் இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. யாராவது சம்பள டேட்டாபேஸை மட்டும் பூட்டியதும் முழுப் பட்டியலும் "பெர்மிஷன் டினைட்" என்று விழுந்துவிடும். ஹேஸ்_டேட்டாபேஸ்_பிரிவிலேஜ் கொண்டு சரிபார்த்து, உரிமை இருந்தால் மட்டும் அளவைக் கணக்கிடும்படி ஒரு கேஸ் நிபந்தனை போட்டால் தீர்ந்தது. இதைக்கூடச் செய்யாமல் வெளியிட்டிருக்கிறார்கள்.

"வாசிக்க மட்டும்" என்று சொல்லும் ரீட்ஒன்லி குறிப்பையும் வைக்கவில்லை. வைக்காவிட்டால், அழிக்கக்கூடிய டூல் என்றே எம்சிபி இயல்பாக எடுத்துக்கொள்ளும்; சில கிளையன்டுகள் (ஏஜென்டை இயக்கும் செயலிகள்) ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு உயிரை வாங்கும். வைத்தாலும் அது வெறும் குறிப்புத்தான், உண்மையான காவல் வாசிக்க மட்டும் முடிகிற ரோலில் இருக்கிறது.

பட்டியலில் டெம்ப்ளேட்களை நீக்கி, 'நுழையலாம்' ஆம்/இல்லை என்று காட்டவும் வைத்து, விளக்கத்தை நாங்களே மாற்றி எழுதினோம். போஸ்ட்கிரஸுக்கு இப்போது இருப்பது இது: "இந்தச் சேர்வரில் உள்ள டேட்டாபேஸ் பெயர்களைத் தரும். டெம்ப்ளேட்கள் நீக்கப்பட்டவை. 'நுழையலாம்' இல்லை என்று இருந்தால் இணைய முயலாதே, பயனரிடம் கேள். தேடும் பெயர் வராவிட்டால் புதிதாக உருவாக்காதே. பெயர் ஏற்கெனவே தெரிந்தால் இந்த டூலை அழைக்கத் தேவையில்லை." மாற்றியபின் கிளையன்டை ஒருதரம் துண்டித்து இணைக்க வேண்டும், பலவும் டூல் பட்டியலை இணையும்போது மட்டுமே வாங்குகின்றன.

இனி நல்லது. இந்த டூல், டேட்டாபேஸ் பெயரோடு, போஸ்ட்கிரஸில் கமென்ட் ஆன் டேட்டாபேஸ் மூலம் எழுதும் குறிப்பையும் சேர்த்துத் தருகிறது. எந்த விளக்கத்திலும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை! கிளைகளுக்குக் கொழும்பின் வட்டார எண்ணை (வெள்ளவத்தை என்றால் கொழும்பு 6) வைத்து ஸ்டாக்_6, ஸ்டாக்_06, ஸ்டாக்_06_பழசு என்று பெயரிட்ட இடத்தில் ஏஜென்ட் எதை எடுக்கும்? "வெள்ளவத்தைக் கிளை, நடப்பு இருப்பு, 2023 ஏப்ரல் முதல்" என்று ஸ்டாக்_06க்குக் குறிப்பு எழுதியதோடு குழப்பம் நின்றது. பெயரையே தமிழில் விளக்கமாக வைக்கலாமே என்றால், போஸ்ட்கிரஸ் பெயருக்கு 63 பைட்தான் விடும். "கொழும்பு" என்ற சொல்லுக்கே 24 பைட் போய்விடும். குறிப்புக்கு அந்த வரம்பு கிடையாது, தமிழிலேயே எழுதலாம். ஒன்று மட்டும் கவனம்: அதே சேர்வரில் எந்த டேட்டாபேஸில் நுழைந்தவரும் எல்லா டேட்டாபேஸ் குறிப்புகளையும் வாசிக்கலாம். பாஸ்வேர்ட் எழுதி வைக்கிற புத்திசாலிகள் உண்டு.

இந்த ஒரு வசதிக்காகவே டூலைக் கழற்ற மனமில்லை. ஆனாலும் நண்பருக்குச் சொன்ன பதில்: வேண்டாம். அவரிடம் இருப்பது மைஎஸ்கியூஎல். அங்கே டேட்டாபேஸுக்குக் குறிப்பு எழுத வழியே இல்லை, குறிப்பு வர வேண்டிய இடம் வெறுமையாகத்தான் வரும். மிஞ்சுவது அந்த ஒற்றை வரி.