சால்டன் சீ புகைப்படப் பயணம்: பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, தெற்குக் கலிபோர்னியாப் பாலைவனத்தில் இருக்கும் உப்பு ஏரியான சால்டன் சீக்கு ஒருநாள் புகைப்படப் பயணம் என்ற விளம்பரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. கைவிடப்பட்ட பாலைவன ஏரிக்கரை, அந்திப் பொன்னொளி, அனுபவமுள்ள வழிகாட்டி, மதிய உணவு, தண்ணீர் எல்லாம் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். போன மே மாதம் இதே ஆட்களிடம் 185 டாலர் கட்டிப் போய்வந்தேன். அந்த இடத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் அதைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள்.

விளம்பரப் படங்களே பழையவை. நார்த் ஷோர் யாட் கிளப் என்றொரு கட்டடம் உண்டு. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஃப்ரே வடிவமைத்தது, 1959-ல் திறக்கப்பட்டது. ஜன்னல்கள் உடைந்து சுவரெல்லாம் கிறுக்கலாக அது பாழடைந்து கிடக்கும் படத்தைத்தான் முதலில் போட்டிருந்தார்கள். ஆனால் அதைப் புதுப்பித்து 2010-லேயே சமுதாயக் கூடமாகத் திறந்துவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது பளிச்சென்று வெள்ளையடித்து நின்றது. வழிகாட்டி கைபேசியில் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சரியான இடம்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

ஏரிக்கரைச் சிற்றூரான பாம்பே பீச்சில் தண்ணீருக்குள் பாதி மூழ்கி நிற்கும் டிரெய்லர் வீடுகள் என்று இன்னொரு படம். இன்றைக்குத் தண்ணீரே அங்கிருந்து வெகுதூரம் விலகிப் போய்விட்டது. 1905-ல் கொலராடோ ஆற்றுநீர் பாசனக் கால்வாயை உடைத்துக்கொண்டு பாலைவனப் பள்ளத்துக்குள் பாய்ந்ததால் உண்டான ஏரி இது. உடைப்பை அடைக்க 1907 வரை ஆனது. அதற்கப்புறம் இம்பீரியல் பள்ளத்தாக்கு வயல்களின் வடிகால் நீர்தான் இதற்கு உயிர். 2003-ல் போட்ட தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தப்படி பாசனநீரில் ஒரு பங்கு சான் டியேகோ பக்கம் போகத் தொடங்கியது. ஈடாக ஏரிக்கு விடப்பட்ட நீரும் 2017-ஓடு நின்றது. அதிலிருந்து கரை வேகமாகப் பின்வாங்குகிறது. ஓரிரு வருடம் முன்பு எடுத்த படத்தைக்கூட நம்ப முடியாத இடத்துக்குப் பல வருடப் பழைய படங்களைக் காட்டி ஆள் சேர்க்கிறார்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது வெளிச்ச விஷயம்தான். பாம்பே பீச் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே நின்றால் சூரியன் தண்ணீருக்கு அப்பால், மேற்கு மலைகளுக்குப் பின்னால் இறங்கும். ஏரிக்குள் கலைஞர்கள் நட்டுவைத்த ஊஞ்சலை அந்த வெளிச்சத்தில் எடுக்கத்தான் எல்லோரும் அங்கே போகிறோம். மேற்குக் கரையில் சால்டன் சிட்டி. அங்கே விடியற்காலைதான் அழகு. அதனால் காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு என்று போனால்தான் படம் கிடைக்கும். இவர்கள் சால்டன் சிட்டிக்கு உச்சிவெயிலில் கூட்டிப் போனார்கள். பாம்பே பீச்சில் மதியம் இரண்டரைக்கு இறக்கிவிட்டு, நான்கு மணிக்கு வேனில் ஏறச் சொன்னார்கள். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஏழரை ஆகும்! ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால், வாடகை வேனை ஏழு மணிக்குள் திருப்பித் தர வேண்டுமாம். அந்திப் பொன்னொளி என்று எழுதிப் பணம் வாங்கும்போதே வேனை ஏழு மணி வரைதான் எடுத்திருக்கிறார்கள். இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று இதைவிட மோசம். பாம்பே பீச் ஆளில்லாத ஊர் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 231 பேர். பாதி வீடுகள் இடிந்து கிடக்கலாம், ஆனால் அடுத்த வீட்டில் துணி காய்ந்துகொண்டிருக்கும். கூரை சரிந்த ஒரு வீட்டைக் காட்டி, "யாரும் இல்லை, உள்ளே போய்த் தாராளமா எடுங்க" என்றார் வழிகாட்டி. நானும் இன்னும் சிலரும் தெருவிலேயே நின்றுவிட்டோம். உள்ளே போனவர்கள் பின்கட்டு வரை போய்விட்டார்கள். அங்கே ஒட்டியிருந்த டிரெய்லரிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். கத்தவில்லை. இது என் இடம், நான் இங்கே வாழ்கிறேன், வாரா வாரம் ஒரு கூட்டம் வந்து என் வாசலில் நின்று செத்துப்போன ஊர் என்று படம் பிடிக்கிறது என்றார். மன்னிப்புக் கேட்டது எங்களோடு வந்தவர்கள்தான். வழிகாட்டி அதற்குள் வேனுக்குப் போய் ஏசியில் உட்கார்ந்துவிட்டார்.

கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. மணல் மாதிரித் தெரிவது முக்கால்வாசி மீன் முள்ளும் பார்னக்கிள் என்ற சின்ன நீருயிரிகளின் ஓடும்தான். தண்ணீரை நெருங்க நெருங்க மேலே காய்ந்த உப்புப் பொருக்கு, அடியில் கரிய சேறு. எங்கள் குழுவில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா ஊஞ்சலை நோக்கி நடந்தபோது முழங்கால் வரை புதைந்துவிட்டார். ட்ரைபாடோடு கேமராவும் சேற்றில் விழுந்தது. கடலைவிட உப்பு கூடிய தண்ணீர் அது, கேமரா பிழைக்கவில்லை. அவரை இழுத்து வெளியே எடுத்தது சக பயணிகள். முதலுதவிப் பெட்டி வேனில் இல்லை. வெயில் 40 டிகிரியைத் தொட்ட அன்று ஆளுக்கு ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். ஊரில் கடை என்று ஒன்றிரண்டுதான் உண்டு, அவை எங்கே என்றும் வழிகாட்டிக்குத் தெரியாது.

சால்வேஷன் மவுண்டனில் கால் மணி நேரம் நின்றோம். லெனர்ட் நைட் 1984-ல் ஆரம்பித்து, பல வருடங்கள் மண்ணும் வைக்கோலும் பெயின்ட்டுமாகக் கட்டி எழுப்பிய குன்று. யாருடைய வேலை என்றுகூட எங்களுக்கு அங்கே சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்ற ஒரு வரியைக் காட்டிவிட்டு, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அதன் பிறகு பதிலே இல்லை.

இவர்களானாலும் வேறு யாரானாலும், பணம் அனுப்பும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பாம்பே பீச்சில் எத்தனை மணி வரை நிற்போம்? வேன் எத்தனை மணி வரை நம்முடையது? விளம்பரப் படங்கள் எந்த வருடம் எடுத்தவை? வழிகாட்டி கடைசியாக எப்போது அங்கே போனார்? யாருடைய இடத்துக்குள் நுழையப் போகிறோம், அனுமதி இருக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து நவம்பர் முதல் மார்ச் வரைக்குள் சொந்தக் காரில் போய்வரலாம். நெடுஞ்சாலை 111 கிழக்குக் கரையை ஒட்டியே போகிறது. காற்று பலமாக வீசும் நாளாக இருந்தால் வேண்டாம். வறண்ட ஏரிப்படுகையின் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை, ஆஸ்துமா இருப்பவர்கள் மறக்காமல் முகக்கவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வேனில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் கட்டியவர்களுக்கு வங்கி கைவிரித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் உடனே கார்டு நிறுவனத்திடம் டிஸ்ப்யூட் (கட்டணத்தை மறுத்துப் புகார்) போடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. நான் போட்டிருக்கிறேன். 'அந்திப் பொன்னொளி' என்று எழுதியிருந்த பழைய விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும், நான்கு மணிக்குக் கிளம்பச் சொன்ன குறுஞ்செய்தியும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.